டிபி (காசநோய்) சிகிச்சை பாதியில இருக்கும்போதே மாநிலம் தாண்டினவங்க - உங்க அனுபவம் சொல்லுங்க

எஸ்டிஎஸ்_அக்கா

நான் எஸ்டிஎஸ், அதாவது டிபி நோயாளிங்க சிகிச்சையை மேற்பார்வை பார்க்கிறவ. போன மாசம் நடந்தது, மனசை விட்டுப் போகல. திருப்பூர் பனியன் கம்பெனில வேலை பார்த்த ஒடிசாப் பையன். ட்ரூநாட்னு சளிப் பரிசோதனையில டிபி பாசிட்டிவ், முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமிகிட்ட எதிர்ப்பு இல்லை. 44 கிலோ, தினம் மூணு மாத்திரை. ரெண்டு மாசம் ஒரு நாள்கூட விடல. திடீர்னு அப்பாவுக்கு முடியலன்னு ராத்திரி ரயில் ஏறிட்டான். எங்ககிட்ட சொல்லல.

பத்து நாள் கழிச்சு வீடியோ கால்ல பிடிச்சேன். திட்டணும்னுதான் இருந்தேன். அவன் ஒண்ணும் பேசாம மாத்திரை அட்டையைக் கேமரா முன்னாடி தூக்கிக் காட்டினான். எல்லாக் குழியும் காலி. "தீதி (அக்கா), இங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் பேரு அவங்க கணக்குல இல்லையாம்."

அன்னிக்கே நிக்ஷய்ல (டிபி நோயாளிகளைப் பதியுற அரசு ஆன்லைன் கணக்கு) டிரான்ஸ்பர் போட்டேன். அந்தப் பக்கம் அக்செப்ட் ஆக ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அவன் எந்த ஊர் நோயாளி? இதே மாதிரி பார்த்தவங்க எழுதுங்க.

ஆறுமாசம்_முடித்தவள்

நானே அந்த இடத்துல இருந்தவ. சென்னையில ஆரம்பிச்சு நாலாவது மாசம் வேலை மாறி பெங்களூரு. புது சென்டர்ல பழைய இடத்துக் கடிதம் கேட்டாங்க, பழைய இடத்துல போனை எடுக்கல. கையில இருந்தது தீர்ந்துடுச்சு.

இந்த மருந்து சாப்பிட்டவங்களுக்குத் தெரியும், சிறுநீர் ஆரஞ்சு நிறமாப் போகும். முதல் வாரம் அதைப் பார்த்துப் பயந்து அழுதிருக்கேன். பெங்களூருல மாத்திரை நின்ன ரெண்டாவது நாள் பழைய நிறத்துக்கு வந்துடுச்சு. அப்போதான் நிஜமாவே பயந்தேன். மருந்து உடம்பை விட்டுப் போயிடுச்சுன்னு கண்ணால பார்த்த மாதிரி இருந்தது. அஞ்சாவது நாள்தான் மாத்திரை கைக்கு வந்தது.

லாரிக்காரர்_தம்பி

அக்கா, சொல்லாமப் போனான்னு திட்டக் கிளம்பினீங்களே, அது சரியில்லை. அப்பா முடியாம இருக்கும்போது யாரு ஆபீஸ் ஆபீஸா சொல்லிட்டுப் போவாங்க? எங்க அண்ணன் லாரி ஓட்டுறார், அவருக்கும் இதே கதை. நாக்பூர்ல மாத்திரை தீர்ந்து மூணு நாள் வண்டியிலேயே சுருண்டு படுத்திருந்தார்.

யாரும் கேட்கலன்னாலும் சொல்றேன். ஊருக்குப் போறவங்க நிக்ஷய் ஐடியையும் சிகிச்சை அட்டையையும் போட்டோ எடுத்து வீட்டுல ஒருத்தருக்கு அனுப்பி வைங்க. நீண்ட பயணம்னா முன்னாடியே சொல்லி ஒரு மாசத்துக்கு மாத்திரை கேளுங்க. தீர்ந்துபோச்சேன்னு மெடிக்கல்ல எதையாவது தனியா வாங்கிப் போடாதீங்க, ஒரு மருந்து மட்டும் போனா கிருமி அதுக்குப் பழகிடும். விட்ட நாளுக்குச் சேர்த்து ரெண்டு மடங்கு போடாதீங்க. ரெண்டு மாசத்துல இருமல் நின்னுடும், அதை நம்பி நிறுத்தாதீங்க, ஆறு மாசம்னா ஆறு மாசம். ஊட்டச்சத்துக்கு வர்ற பணம் 2024 நவம்பர்லேர்ந்து மாசம் 1000 ரூபாய், அது பேங்க் கணக்குக்கு வர்றது, ஊர் மாறினா போயிடாது. அப்புறம், வீட்டைக் காலி பண்ணச் சொல்ற ஓனர்களுக்கு: வீட்டுல வெச்சே வைத்தியம் பார்த்தாலும் கூட இருக்கறவங்களுக்கு சானடோரியத்துல (டிபி ஆஸ்பத்திரி) வெச்சுப் பார்க்கறதை விட ஆபத்து கூடலன்னு பல வருஷம் முன்னாடியே சென்னை ஆய்வு காட்டியாச்சு.

வாளையார்_பக்கம்

தம்பி, நீங்க சொல்றது எல்லாமே நோயாளி செய்ய வேண்டியது. ரெண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிற நாங்க என்ன செய்யணும்னு ஒரு வரிகூட இல்லையே. நான் எல்லைக்கு அந்தப் பக்கம், பாலக்காட்டுல வேலை பார்க்கிறேன்.

வீடு எங்க பக்கம், வேலை கோயம்புத்தூர்ல, வைத்தியமும் அங்கேயே. அப்படி ஒரு அம்மா. பிளாஸ்டிக் கவர்ல மடிச்சு வெச்ச அட்டையை நீட்டினாங்க, குறிப்பெல்லாம் தமிழ்ல. எங்க சென்டர்ல அதைப் படிக்கத் தெரிஞ்சது நான் ஒருத்தி. "வீட்டுல யாரையெல்லாம் பரிசோதிச்சாங்க?"ன்னு கேட்டேன். ஒருத்தரையும் இல்லை. வீடு கேரளாவுல இருக்குன்னு அவங்க விட்டுட்டாங்க, நோயாளி தமிழ்நாட்டுக் கணக்குன்னு நாங்க விட்டுட்டோம். பின்னாடியே நின்ன சின்னப் பையன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தா நெறி கட்டியிருக்கு. தடுப்பு மாத்திரை நாலு மாசம் முன்னாடியே போயிருக்க வேண்டிய பிள்ளை.

அதுக்கப்புறம் அந்தப் பக்க எஸ்டிஎஸ் நம்பரை வாங்கி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நேரா கூப்பிட்டுப் பேர் பேராச் சரிபார்க்கிறோம். யாரும் உத்தரவு போடல.

எஸ்டிஎஸ்_அக்கா

தம்பி, ஒத்துக்கிறேன். திட்டாம விட்டதே நல்லதுன்னு இப்போ தோணுது.

வாளையார் அக்கா, அந்த வெள்ளிக்கிழமை போனை நானும் ஆரம்பிக்கிறேன். ஒடிசாப் பையன் மாவட்டத்து எஸ்டிஎஸ் நம்பர் கிடைச்சுடுச்சு, ஹிந்தியில சமாளிச்சுக்குவேன். பையனுக்கு மாத்திரை வந்துடுச்சு. ஆனா அவன்கூட திருப்பூர் ரூம்ல ஏழு பேர் இருந்தாங்க. அஞ்சு பேருக்கு எக்ஸ்ரே எடுத்தாச்சு. ஒருத்தன் ஹைதராபாத்ல இருக்கானாம், இன்னொருத்தன் போன் ஸ்விட்ச் ஆஃப். காலையில முதல் வேலை அதுதான்.