யூபிக் பொம்மைகளில் எதைப் பார்த்து வாங்குவது?

நெய்தல் கேட்டது:

நாங்கள் சியாட்டிலில் வசிக்கிறோம். வரும் கோடையில் அலாஸ்காவுக்குச் சென்று, கனடாவின் வான்கூவரில் பயணம் முடியும் கப்பலில் திரும்ப எண்ணியிருக்கிறோம். தென்மேற்கு அலாஸ்காவின் யூபிக் மக்கள் கையால் செய்யும் பொம்மைகளில் ஒன்றையாவது வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். ஆனால் வால்ரஸ் என்ற கடல்விலங்கின் தந்தத்தில் முகமும் சீல் (கடல்நாய்) தோலில் உடையும் கொண்ட இரு பொம்மைகள் ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் இருந்தும் விலையில் பல மடங்கு வேறுபடுகின்றன. அந்த வேறுபாடு பழமையைப் பொறுத்ததா, செய்தவரைப் பொறுத்ததா? விலங்குப் பொருள்கள் என்பதால் சட்டச் சிக்கல் ஏதேனும் உண்டா?

கயல்விழி எழுதியது:

முகத்தைப் பார்த்துத்தான் பலரும் வாங்குகிறார்கள். நான் உடையைப் பார்ப்பேன். தலையை மரத்திலோ தந்தத்திலோ செதுக்குவது ஒரு திறமை. அதைவிடக் கடினமானது, பார்க்கா எனப்படும் தலைமூடியுள்ள குளிர் அங்கி முழுவதையும் சில அங்குல அளவுக்குச் சுருக்கி, ரோமம், சால்மன் மீன் தோல், சீல் குடல் சவ்வு ஆகியவற்றை உண்மையான உடையில் வருவது போலவே வெட்டி, தசைநாரால் தைப்பது. பார்க்காவின் வெட்டும் அலங்காரப் பட்டைகளும் ஊருக்கு ஊர் மாறுவதால், பழகிய கண்ணுக்கு அந்த உடையே செய்தவரின் பகுதியைச் சொல்லிவிடும். சிறுமிகள் தையல் கற்றுக்கொண்டதும் இத்தகைய பொம்மை உடைகளைத் தைத்துத்தான்.

இவை தொடக்கத்தில் விளையாட்டுப் பொருள்களே. கோடை வருமுன் பொம்மையை வெளியே எடுத்தால் குளிர்காலம் முடியாமல் நீண்டுவிடும் என்ற நம்பிக்கை யூகான் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்தது. அதே வடிவம் இருபதாம் நூற்றாண்டில் விற்பனைக்கான கலைப்பொருளாக வளர்ந்தபோது, செய்பவரின் தனித்த பாணி முன்னுக்கு வந்தது. செவாக் என்ற ஊரைச் சேர்ந்த ரோசலி பானியாக்கின் பொம்மைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. (அவ்வூரார் தங்களைச் சூபிக் என்று அழைத்துக்கொள்கிறார்கள், யூபிக் மக்களுக்கு நெருங்கிய உறவினர்.) அன்றாட வேலையில் மூழ்கிய மனிதர்களைச் சற்றே குறும்போடு காட்டும் அப்பொம்மைகளை அழகுப் பதுமைகள் என்று சொல்லிவிட முடியாது. ஆகவே ஊர், செய்தவர் பெயர், பயன்பட்ட பொருள்கள் ஆகிய மூன்றையும் கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

மருதன் எழுதியது:

சட்டம் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை தருகிறேன். கடல்வாழ் பாலூட்டிகளைக் காக்கும் 1972ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், அலாஸ்கா கடலோரப் பழங்குடியினர் தாம் வேட்டையாடிய விலங்கின் தந்தத்தையும் தோலையும் கைவினைப் பொருளாக்கி விற்க விலக்கு அளிக்கிறது. எனவே புதிய பொம்மையை நீங்கள் வாங்குவதில் தவறில்லை. சிக்கல் உங்கள் பயண வழியில் இருக்கிறது. தந்தப் பொருளுடன் கனடாவுக்குள் நுழைவதும் ஏற்றுமதியாகவே கருதப்படும். அதற்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். கடையிலிருந்தே சியாட்டில் முகவரிக்கு அஞ்சலில் அனுப்பச் சொல்வது எளிய வழி. பின்னாளில் கலிஃபோர்னியாவில் விற்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அங்கு வால்ரஸ் தந்த விற்பனைக்குத் தடை உண்டு.

போலிகளைப் பொறுத்தவரை, அலாஸ்கா மாநிலக் கலை மன்றத்தின் 'சில்வர் ஹேண்ட்' முத்திரை உள்ளூர்ப் பழங்குடிக் கலைஞரின் படைப்பு என்பதற்குச் சான்று. முத்திரை இல்லாதவை எல்லாம் போலி என்று பொருளல்ல. பல கலைஞர்கள் அத்திட்டத்தில் சேரவே இல்லை. பழங்குடியினர் செய்தது என்று பொய் சொல்லி விற்பது 1990ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின்படி குற்றம். பிசினில் வார்த்த போலித் தந்தம் எங்கும் ஒரே சீராக இருக்கும்; வால்ரஸ் தந்தத்தின் உட்பகுதியிலோ கூழ் உறைந்தது போன்ற பளிங்குத் திட்டுகள் தெரியும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். உண்மையான பொருள்தான் பாழாகும்.

கயல்விழி எழுதியது:

பழமை பற்றிச் சொல்ல விட்டுப்போனது. கடலரிப்பாலும் உறைநிலம் உருகுவதாலும் அழிந்துகொண்டிருந்த நுனல்லெக் என்ற யூபிக் தொல்லிடத்தில், அருகிலுள்ள க்வின்ஹாகக் ஊராரும் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தாரும் 2009 முதல் அகழாய்வு செய்தார்கள். அங்கே கிடைத்த பல்லாயிரம் பொருள்களில் மரப் பொம்மைகளும் உண்டு. அவற்றுக்காக க்வின்ஹாகக்கிலேயே 2018இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அத்தகையவை அங்கேயே இருக்கட்டும். 'தோண்டியெடுத்த பழம்பொருள்' என்று விற்கப்படும் எதையும் நான் தொடமாட்டேன். இன்று வாழும் கலைஞரிடம் கொடுக்கும் பணம் அவர் குடும்பத்துக்கே போய்ச் சேரும்.

நெய்தல் கேட்டது:

இருவருக்கும் நன்றி. பெயரும் ஊரும் தெரிந்த புதிய பொம்மையையே வாங்குகிறேன். எங்கள் வீட்டில் குளிர்காலம் முழுவதும் வெப்பமூட்டி ஓடும். அதனால் பொம்மைக்குக் கேடு வருமா?

மருதன் எழுதியது:

வரும். காற்று உலர்ந்தால் குடல் சவ்வு மொரமொரப்பாகி மடிப்புகளில் கிழியும். ஈரப்பதம் ஏறி இறங்கினால் தந்தத்தில் விரிசல் விழும். வெப்பக் காற்று வரும் துவாரத்துக்கும் சன்னலுக்கும் எட்ட, கண்ணாடிப் பேழையில் வையுங்கள். ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டை ஒட்டி மாறாமல் இருப்பது நல்லது. ரோமத்தை அரிக்கும் அந்துப்பூச்சிப் புழுக்கள் இருக்கின்றனவா என்று அவ்வப்போது பாருங்கள். அந்துருண்டை மட்டும் போடாதீர்கள். பூச்சி தெரிந்தால், தந்தம் உள்ள பொம்மையைப் பூச்சியைக் கொல்வதற்காக நீங்களாக உறைபெட்டியில் வைக்காமல், பொருள் பாதுகாப்பு வல்லுநர் ஒருவரிடம் காட்டுங்கள்.