ஸ்டாப் லாஸைத் தாண்டி விலை ஓடுகிறது, வழி சொல்லுங்கள்

3 மாதமாக 5 நிமிட சார்ட்டில் டே டிரேடிங் (அன்றே வாங்கி அன்றே விற்பது), 62 டிரேடு. ஒரு டிரேடுக்குச் சராசரி லாபம் 0.25%. தரகு, வரி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்குமான இடைவெளி எல்லாம் சேர்ந்து 0.18%. மிச்சம் 0.07%, அதையும் ஸ்லிப்பேஜ் (நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) தின்றுவிடுகிறது.

ஸ்டாப் லாஸுக்கு (நஷ்டத்தை நிறுத்த, குறித்த விலை வந்ததும் விற்கும் ஆர்டர்) லிமிட் விலைக்குக் கீழே விற்காத ஸ்டாப் லிமிட் போட்டால் விலை லிமிட்டையும் தாண்டி இறங்கி, ஆர்டர் நிறைவேறாமலே நிற்கிறது. ஸ்டாப் விலைக்கும் லிமிட்டுக்கும் உள்ள இடைவெளியை 0.2%-லிருந்து 0.5% ஆக்கியும் அப்படித்தான். கிடைத்த விலைக்கு விற்கும் ஸ்டாப் மார்க்கெட்டில் வெளியே வர முடிகிறது, ஆனால் மோசமான விலையில். முதல் 15 நிமிடத்தைத் தவிர்த்ததில் கொஞ்சம் பலன் உண்டு. பங்கு எண்ணிக்கையைப் பாதியாக்கியும் மாற்றமில்லை, அதனால் ஆர்டரின் அளவு காரணமல்ல.

நீண்டகாலப் பணம் தனியாக இண்டெக்ஸ் ஃபண்டில் இருக்கிறது, அதைத் தொடுவதில்லை.

இதே விதிகளை டெய்லி சார்ட்டுக்கு மாற்றி 2, 3 வாரம் வைத்திருந்தால் செலவின் சுமை குறையும், இரவு கேப் (மறுநாள் விலை தாவித் திறப்பது) ஆபத்து கூடும். அப்படிச் செய்பவர்கள் ஸ்டாப்பை ஏடிஆரில் (ATR, விலையின் சராசரி ஏற்ற இறக்க அளவு) எத்தனை மடங்கு தள்ளி வைக்கிறீர்கள்?