பழைய கணினிகளில் விண்டோஸ் 11: பயோஸ் தடை குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். களுவாஞ்சிகுடியில் சாதாரண தர, உயர்தர மாணவர்கள் பயன்படுத்தும் எமது வாசிகசாலைக் கணினிகள் பற்றி ஆலோசனை வேண்டுகிறேன். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 யூஇஎஃப்ஐ (பயோஸுக்குப் பதிலாக வந்த புதிய தொடக்க மென்பொருள்), செக்கியூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்க விடும் வசதி), டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் சிப்) ஆகிய மூன்றையும் கேட்கிறது.

கோர் 2 டுவோ கணினிகளில் பழைய பயோஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும், மதர்போர்டிலுள்ள மென்பொருள்) மட்டுமே உள்ளது. அவற்றின் புரொசசரில் எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுதியும் இல்லாததால், நிறுவும்போது நடக்கும் தகுதிச் சோதனைகளைத் தவிர்த்து நிறுவ முயன்றாலும் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு இயங்காது. அவற்றுக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளமே பொருத்தம். அதில் பாமினி என்ற தமிழ் விசைப்பலகை முறையில் தட்டச்சுச் செய்பவர்கள் வழி சொன்னால் நன்று.

என் முக்கிய கேள்வி இரண்டாம் தலைமுறை கோர் ஐ3 கணினிகள் பற்றியது. எதிலிருந்து கணினியைத் தொடக்குவது எனக் கேட்கும் பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரு தடவை தோன்றுகிறது, ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்ற எழுத்துகளுடன். ஆயினும் செக்கியூர் பூட் என்ற தெரிவு எங்கும் இல்லை. இக்கணினிகளில் உள்ள எச்61 வகை மதர்போர்டில் பயோஸைப் புதுப்பித்து அத்தெரிவைப் பெற்றவர்கள் உண்டா? புதுப்பிக்கும்போது மின்சாரம் நின்றால் போர்டே செயலிழக்கக்கூடும் என்பதாலும், எம்மிடம் யூபிஎஸ் (மின்தடையின்போது மின்சாரம் தரும் சாதனம்) இல்லாததாலும், பயன் உறுதியானால் மட்டுமே அதைச் செய்ய விரும்புகிறேன். மட்டக்களப்பு அல்லது கல்முனையில் பயோஸ் சிப்பைக் கழற்றி எழுதித் தரும் கடை தெரிந்தாலும் தயவுசெய்து அறியத் தாருங்கள்.