'ரன்' என்ற ஆங்கிலச் சொல்லை எங்கெல்லாம் 'ஓடு' என்று எழுதலாம்? உதவி தேவை

கேள்வி – கொக்குவிலிலிருந்து

வணக்கம். இலண்டனில் இருக்கும் என் பெறாமகள், தன் தாயின் உடல்நிலை பற்றி ஆங்கிலத்தில் கடிதம் அனுப்பியிருக்கிறாள். என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதற்காக அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால், 'ரன்' என்ற சொல் ஐந்து இடங்களில் ஐந்து விதமாக வந்து நிற்கிறது. கைபேசியில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலியோ, தம்பியின் மனைவி கீழே ஓடிவிட்டதாகவும் நீரிழிவு எங்கள் குடும்பத்தில் ஓடுவதாகவும் எழுதித் தருகிறது. வரிகள் இவை: 'மம் இஸ் ரன் டவுன்', 'டொக்ரர் வில் ரன் சம் ரெஸ்ற்ஸ்', 'டயபீற்றிஸ் ரன்ஸ் இன் த ஃபமிலி', 'ஷி ரான் அவுட் ஒஃப் ரப்லெற்ஸ்', 'ஐ ரான் இன்ரு யுவர் ஓல்ட் ரீச்சர்'.

மறுமொழி 1 – ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், நல்லூர்

ஐயா, முதல் வரியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். சாவி கொடுத்த மணிக்கூடு விசை தளர்ந்து நின்றுபோவதையும் ஆங்கிலத்தில் இதே தொடரால்தான் சொல்வார்கள். ஆளைப் பற்றிச் சொல்லும்போது, ஓய்வின்றி உடம்பு சோர்ந்து போயிருக்கிறது என்பது பொருள். இரண்டாவது, வைத்தியர் சில பரிசோதனைகள் செய்வார் என்பது. மூன்றாவது, அந்த நோய் பரம்பரையாக வருகிறது என்பது. நான்காவது, குளிசைகள் முடிந்துவிட்டன. ஐந்தாவது, உங்கள் பழைய ஆசிரியரைத் தற்செயலாகச் சந்தித்தேன்.

செயலியை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. நாமும் மணிக்கூடு ஓடுகிறது, படம் ஓடுகிறது என்கிறோம். தமிழகத்தவர் கார் 'ஓட்டுகிறார்' என்னும் இடத்தில் யாழ்ப்பாணத்தவர் கார் 'ஓடுகிறார்' என்கிறோம். ஆனால் நம்முடைய 'ஓடு' போகும் தூரத்துக்கு அப்பாலும் ஆங்கிலச் சொல் போகிறது. கடையை நாம் 'நடத்துகிறோம்', தேர்தலில் 'போட்டியிடுகிறோம்'. ஆங்கிலத்தில் அந்த இரண்டுக்கும் 'ரன்' போதும்.

கேட்டவர்

மிக்க நன்றி, ஆசிரியர் ஐயா. இன்னொரு வரியை விட்டுவிட்டேன்: 'த அப்பொயின்ற்மென்ற் ரான் ஓவர்'. ஒருவர்மேல் வாகனம் ஏறியதற்கும் 'ரான் ஓவர்' என்றுதானே பத்திரிகையில் எழுதுகிறார்கள்?

மறுமொழி 2 – மொழிபெயர்ப்பாளர், சுன்னாகம்

எழுவாயையும் செயப்படுபொருளையும் பாருங்கள். வாகனம் எழுவாயாக நின்று, அடிபட்ட ஆளோ பிராணியோ செயப்படுபொருளாக வந்தால் அது விபத்து. இங்கே எழுவாய் ஒரு சந்திப்பு, செயப்படுபொருளே இல்லை. ஆகவே குறித்த நேரத்தைக் கடந்து நீண்டது என்றே கொள்ள வேண்டும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில், பல பொருள் தரும் ஒரு சொல்லை, வினையால் பொருள் வேறுபடுவது, அவ்வாறு வேறுபடாதது என இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். 'மா பூத்தது' என்றால் மரம் என்று தெரிந்துவிடுகிறது. 'மா வீழ்ந்தது' என்றால் மரமா விலங்கா என்று தெரிவதில்லை. அங்கே வினை பெயரைத் தெளிவாக்குகிறது. 'ரன்' விடயத்தில் பெயர்கள்தாம் வினையைத் தெளிவாக்குகின்றன. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டத்தில் 'ரன் அவுட்' என்று கத்தினால், குளிசை முடிந்துவிட்டது என்று எவரும் நினைப்பதில்லை அல்லவா?

இதில் திணறுவது நீங்கள் மட்டுமல்ல. 1989இல் 20 தொகுதிகளாக வந்த ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செற்' என்ற சொல்லுக்கே மிக நீண்ட பதிவு இருந்தது. பின்னர் அகராதியைத் திருத்தியபோது, 'ரன்' என்ற வினைக்கு மாத்திரம் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார்கள்.

கேட்டவர்

அம்மாவுக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "மருமகள் உடம்பு சோர்ந்து போயிருக்கிறா. குளிசைகளும் முடிந்துவிட்டன. நீரிழிவு பரம்பரையாக வருகிறபடியால் வைத்தியர் சில பரிசோதனைகள் செய்யப் போகிறார். சந்திப்பு நீண்டுபோனதால் வீடு திரும்பப் பிந்திவிட்டது." ஆசிரியரைச் சந்தித்த செய்தி எனக்கு உரியது என்பதால் அதைச் சேர்க்கவில்லை.