டெபியனில் ஓடும் சி நிரல் ஃப்ரீபிஎஸ்டியில் கம்பைல் ஆக மறுக்கிறது

கேள்வி

வணக்கம். லாக் செய்திகளை யூடிபியிலும் டிசிபியிலும் வாங்கி இன்னொரு சர்வருக்குத் தள்ளிவிடும் ஒரு நிரல் வைத்திருக்கிறேன். சி-யில் எழுதியது, ஏறக்குறைய 3,000 வரி. டெபியன் 12 லினக்ஸில் ஒரு வார்னிங்கூட இல்லாமல் கம்பைல் ஆகி மாதக்கணக்கில் நிற்காமல் ஓடுகிறது. இப்போது அதையே ஃப்ரீபிஎஸ்டி 14.1 (லினக்ஸ் இல்லை, யூனிக்ஸ் வழியில் வந்த வேறு இயங்குதளம்) மெஷினில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

‘மேக்’ கட்டளை கொடுத்தவுடன் மேக்ஃபைலில் (கம்பைல் செய்யும் விதிகள் இருக்கும் ஃபைல்) உள்ள ‘இஃப்ஈக்யூ’ வரியிலேயே நின்றுவிட்டது. தேடிப் பார்த்து ஜிமேக் (லினக்ஸில் இருக்கும் ஜிஎன்யூ மேக்) நிறுவினேன், அது தாண்டியது. அப்புறம் வந்த எரர்கள் இருநூறுக்கு மேல். திரும்பத் திரும்ப வருபவை மூன்று: ‘சிஸ்/ஈபோல்.எச்’ கிடைக்கவில்லை என்கிறது, ‘சாக்அட்ர்_இன்’ ஸ்ட்ரக்ட் முழுமையாக இல்லை என்கிறது, ‘நெட்இநெட்/ஐபி.எச்’ ஃபைலுக்குள்ளேயே ‘யூ_சார்’ என்ற டைப் தெரியாது என்கிறது. இந்த மூன்றாவதுதான் எனக்குப் புரியவே இல்லை. அது நான் எழுதிய ஃபைல் இல்லையே, சிஸ்டத்தோடு வந்தது, அதற்குள் எப்படி எரர் வரும்?

டெபியனிலிருந்து ஈபோல்.எச் ஃபைலைக் காப்பி செய்து போட்டுப் பார்த்தேன், அது ‘பிட்ஸ்’ டைரக்டரியில் இருக்கும் வேறொன்றைக் கேட்கிறது, அதையும் போட்டால் இன்னொன்று. இப்படியே எல்லா ஹெட்டரையும் (.எச் ஃபைல்களை) கொண்டுவந்து சேர்த்தால் சரியாகிவிடுமா? அல்லது இங்குள்ள கிளாங் கம்பைலரை விட்டு ஜிசிசி கம்பைலரை நிறுவ வேண்டுமா?

பதில் 1

முதலில் அந்தக் காப்பி செய்த ஹெட்டர்களை எல்லாம் அழித்துவிடுங்கள் நண்பரே, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஹெட்டர் என்பது அந்த கர்னலோடு பேசுவதற்கான எண்களின் பட்டியல். ஏஎஃப்_இநெட்6 (ஐபிவி6 முகவரி வகையைக் குறிக்கும் எண்) லினக்ஸில் 10, ஃப்ரீபிஎஸ்டியில் 28, மேக்ஓஎஸ்ஸில் 30. எஸ்ஓஎல்_சாக்கெட் லினக்ஸில் 1, ஃப்ரீபிஎஸ்டியில் பதினாறடிமான எஃப்எஃப்எஃப்எஃப். லினக்ஸ் ஹெட்டரை வைத்து எப்படியோ கம்பைல் செய்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம், நிரல் 10 என்று கேட்கும், கர்னல் அதை வேறு ஏதோவாக எடுத்துக்கொள்ளும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது இந்த இருநூறு எரரைவிடப் பெரிய வேலை.

ஜிசிசி தேவையில்லை. ஃப்ரீபிஎஸ்டி 10-இலிருந்தே கிளாங்தான் அங்கே வழக்கமான கம்பைலர், உங்கள் எரர் எதுவும் கம்பைலரால் வந்ததில்லை.

இரண்டாவது எரர் எளிது. நீங்கள் ‘ஆர்பா/இநெட்.எச்’ அல்லது ‘நெட்டிபி.எச்’ மட்டும் சேர்த்திருப்பீர்கள். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியில் அவை உள்ளுக்குள் ‘நெட்இநெட்/இன்.எச்’-ஐயும் இழுத்துக்கொண்டு வரும், அதனால் விடுபட்டது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஃப்ரீபிஎஸ்டியில் கேட்டதை மட்டும்தான் தரும். ‘சிஸ்/டைப்ஸ்.எச்’, ‘சிஸ்/சாக்கெட்.எச்’, ‘நெட்இநெட்/இன்.எச்’ மூன்றையும் இந்த வரிசையில் ஒவ்வொரு சி ஃபைலிலும் வெளிப்படையாக எழுதுங்கள். இந்தத் திருத்தம் டெபியனிலும் எதையும் கெடுக்காது. எந்த ஃபங்ஷனுக்கு எந்த ஹெட்டர் வேண்டும் என்பது அங்குள்ள மேன் பக்கத்தின் தொடக்கத்திலேயே இருக்கும், வலையில் தேடுவதைவிட அதைப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று, இருநூறையும் படிக்காதீர்கள். ஒவ்வொரு ஃபைலிலும் முதல் எரரை மட்டும் திருத்தி மறுபடி ஓட்டுங்கள், பாதிக்கு மேல் அதோடு போய்விடும்.

பதில் 2

அந்த யூ_சார் விஷயம். உங்கள் மேக்ஃபைலில் சிஃபிளாக்ஸ் (கம்பைலருக்கு அனுப்பும் தெரிவுகள்) வரியில் _எக்ஸ்ஓபன்_சோர்ஸ் அல்லது _போசிக்ஸ்_சி_சோர்ஸ் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும், பக்கத்தில் _ஜிஎன்யூ_சோர்ஸும் இருக்கும்.

நடப்பது இதுதான். _எக்ஸ்ஓபன்_சோர்ஸ் என்று போட்டால், “எனக்குப் போசிக்ஸ், எக்ஸ்ஓபன் தரநிலையில் உள்ள பெயர்கள் மட்டும் போதும்” என்று நீங்கள் சொல்வதாக அர்த்தம். யூ_சார், யூ_இன்ட், யூ_ஷார்ட் எல்லாம் பழைய பிஎஸ்டி பெயர்கள், தரநிலையில் இல்லை. ஃப்ரீபிஎஸ்டி நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு அவற்றை மறைத்துவிடுகிறது, ஆனால் ஐபி.எச் அந்தப் பெயர்களை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் சிஸ்டம் ஃபைலுக்குள் எரர். லினக்ஸில் ஏன் வரவில்லை என்றால், அங்கே _ஜிஎன்யூ_சோர்ஸ் எல்லாவற்றையும் திறந்துவிடுகிறது. உங்கள் ஃப்ரீபிஎஸ்டியில் அந்தப் பெயருக்கு மதிப்பில்லை. ஃப்ரீபிஎஸ்டிக்கு மட்டும் அந்த _எக்ஸ்ஓபன் வரியை எடுத்துவிடுங்கள், அல்லது __பிஎஸ்டி_விசிபிள் என்பதை 1 என்று சேர்த்துக்கொள்ளுங்கள். நான் எடுத்துவிடுவேன்.

ஈபோல் பற்றி: பல சாக்கெட்களில் எது படிக்கவோ எழுதவோ தயார் என்று கர்னலிடம் கேட்டுக்கொள்ளும் வசதி அது, லினக்ஸுக்கே உரியது. ஹெட்டர் இருந்தாலும் லிங்க் செய்யும்போது ‘ஈபோல்_கிரியேட்’ இல்லை என்றுதான் வரும். ஃப்ரீபிஎஸ்டியில் அந்த வேலைக்கு 2000-இல் 4.1 பதிப்பிலேயே கேக்யூ வந்துவிட்டது, ஈபோலுக்கும் முந்தியது. உடனே ஓட வேண்டும் என்றால் லிப்ஈபோல்-ஷிம் என்ற பேக்கேஜ் இருக்கிறது, ஈபோல் அழைப்புகளைக் கேக்யூவாக மாற்றித் தரும். ஃப்ரீபிஎஸ்டியின் பேக்கேஜ் கருவியான பிகேஜி மூலம் நிறுவுங்கள். ஆனால் அது போய் உட்காருவது ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ கீழே, கிளாங் தானாக அங்கே தேடாது. இன்க்ளூட், லிப் இரண்டு பாதைகளையும் மேக்ஃபைலில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். பேக்கேஜ் நிறுவிய பிறகும் ‘ஹெட்டர் இல்லை’ என்று வருவதற்கு முக்கால்வாசி நேரம் இதுதான் காரணம்.

நீண்ட காலம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் கேக்யூவிலேயே எழுதுங்கள், கஷ்டமில்லை. ஈபோலில் ஒரு சாக்கெட்டுக்கு ஒரே பதிவு, அதில் படிக்க எழுத என்று பிட்களைச் சேர்ப்போம். கேக்யூவில் படிப்பதற்கு ஒரு ஃபில்டர், எழுதுவதற்கு இன்னொரு ஃபில்டர், இரண்டும் தனித்தனிப் பதிவு. இதை மட்டும் மனதில் வைத்தால் போதும். படிக்க எத்தனை பைட் காத்திருக்கிறது என்பதும் ‘டேட்டா’ புலத்தில் வந்துவிடும், எனக்கு அது மிகவும் பிடித்த விஷயம்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. _எக்ஸ்ஓபன்_சோர்ஸ் 600 என்று நீங்கள் சொன்ன அதே இடத்தில் இருந்தது! அதை எடுத்தேன், ஹெட்டர்களைச் சேர்த்தேன், இப்போதைக்கு ஷிம் வைத்துக்கொண்டேன். சுத்தமாக கம்பைல் ஆகிவிட்டது.

ஆனால் ஓட்டினால் ஐபிவி6 முகவரியிலிருந்து வரும் இணைப்பை மட்டும்தான் எடுக்கிறது. ஐபிவி4 கிளையன்ட் எதுவும் சேர முடியவில்லை. டெபியனில் ஒரே சாக்கெட்டில் இரண்டும் வந்தன. அதோடு, வெளியே போகும் ஐபிவி4 சாக்கெட்டில் பைண்ட் செய்தால் (அதற்கு ஒரு முகவரியைக் கட்டினால்) ‘தவறான ஆர்கியுமென்ட்’ என்று திரும்புகிறது.

பதில் 3

இரண்டுமே தெரிந்த இடங்கள்தான்.

லினக்ஸில் ஐபிவி6 சாக்கெட் வழக்கமாக ஐபிவி4-ஐயும் சேர்த்து வாங்கும். ஃப்ரீபிஎஸ்டியில் ஐபிவி6_வி6ஒன்லி (ஐபிவி6 மட்டும் என்ற அமைப்பு) முதலிலேயே போடப்பட்டிருக்கும். பைண்டுக்கு முன்னால் செட்சாக்ஆப்ட் வைத்து அதை 0 ஆக்குங்கள். திறந்திருக்கும் சாக்கெட்களைக் காட்டும் ‘சாக்ஸ்டாட்’ ஓட்டிப் பாருங்கள், இப்போது உங்கள் போர்ட் எதிரே டிசிபி6 என்று இருக்கும், மாற்றிய பிறகு டிசிபி46 என்று வர வேண்டும்.

பைண்ட் எரருக்குக் காரணம் நீளம். ‘சாக்அட்ர்_ஸ்டோரேஜ்’ வைத்துக்கொண்டு அதன் முழு அளவையும், அதாவது 128 பைட் என்று, கொடுத்திருப்பீர்கள். லினக்ஸ் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஃப்ரீபிஎஸ்டியில் ஐபிவி4 முகவரிக்குச் சரியாக சாக்அட்ர்_இன் அளவு, 16, கொடுத்தே ஆக வேண்டும். கனெக்டுக்கும் இதே கதைதான்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன்: லிசன் செய்யும் சாக்கெட் நான்-பிளாக்கிங் (தரவு வரும்வரை காத்திருக்காமல் உடனே திரும்புவது) என்றால், ஃப்ரீபிஎஸ்டியில் அக்செப்ட் தரும் புது சாக்கெட்டும் நான்-பிளாக்கிங்காகவே வரும். லினக்ஸில் அப்படி வராது. அக்செப்டுக்குப் பிறகு எங்காவது ரீட் காத்திருக்கும் என்று நம்பி எழுதியிருந்தால் அந்த இடத்தைப் பாருங்கள். அக்செப்ட்4-இல் ஃபிளாக்கைக் கொடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடக்கும்.

கேட்டவர்

டிசிபி46 வந்துவிட்டது, ஐபிவி4 கிளையன்ட்களும் சேர்கின்றன. பைண்டில் நீளத்தை முகவரியின் வகைக்கு ஏற்ற மாதிரி எடுக்க ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினேன், அதே கோடு டெபியனிலும் ஓடுகிறது. அக்செப்டுக்குப் பின் காத்திருக்கும் ரீட் ஒரு இடத்தில் இருந்தது, டிஎல்எஸ் கைகுலுக்கும் பகுதியில். நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் அதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். கேக்யூ மாற்றத்தை இந்த வார இறுதியில் தொடங்குகிறேன்.