சாஃபோ நோய்க்கு பாமிட்ரோனேட் என்ற எலும்பு மருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். என் அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 41, ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை. போன ஐப்பசியில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சீழ்க்கொப்புளங்கள் வந்தன. காய்ந்து தோல் உரியும், அப்புறம் மறுபடி கிளம்பும். இந்தக் கையோடு எப்படிப் பழம் பறிப்பது? தை முதல் இடது காறை எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடம் வீங்கி வலிக்கிறது. காலையில் வலி அதிகம். கையைத் தூக்கித் தலை பின்ன முடிவதில்லை.

முதலில் படை என்று களிம்பு கொடுத்தார்கள். பிறகு எலும்பில் கிருமி என்று ஆன்டிபயாட்டிக், குறையவே இல்லை. காசநோயோ புற்றோ என்று பயந்து பயாப்ஸி எடுத்தோம். இரண்டும் இல்லை, கல்ச்சரிலும் கிருமி வளரவில்லை. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி அளவுகள் இரண்டும் கூடுதல். எலும்பு ஸ்கேனில் நெஞ்சுப் பக்கம் காளைத் தலை போலத் தெரிந்ததைப் பார்த்துத்தான் சேலத்தில் ஒரு மூட்டுவாத மருத்துவர் சாஃபோ என்றார். தோலையும் எலும்பையும் சேர்த்துத் தாக்கும் அரிய அழற்சி நோய். பிரெஞ்சு மருத்துவர்கள் 1987இல்தான் இதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். ஒட்டிக்கொள்ளும் நோயே இல்லை. ஆனாலும் குழாயடியில் அக்காவின் குடத்தைத் தள்ளி வைக்கிறார்கள். அதுதான் மனசு ஆறவில்லை.

வலி மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தில் கொப்புளம் கொஞ்சம் அடங்கியது, எலும்பு வலி அப்படியே இருக்கிறது. அடுத்து பாமிட்ரோனேட் நரம்பு வழியாக ஏற்றலாம் என்கிறார் மருத்துவர். இந்த மருந்து தாடை எலும்பைப் பாதிக்கக்கூடும் என்பதால் பல் பரிசோதனையும் முடித்துவிட்டோம்.

சாஃபோவுக்கு இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு நெஞ்செலும்பு வலி குறைந்ததா?