புதுப்பிப்பு: மண்டபம் (ராமேஸ்வரம் பக்கத்து ஊர்) வீட்டு வெல்வெட் திரை

கடல் காற்றுக்கு வெல்வெட் திரை தாங்குமா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, வாங்கியாச்சு. பருத்தி வெல்வெட் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று நீங்கள் சொன்னதால் பாலியஸ்டர்தான், அதுவும் மேற்கு ஜன்னலுக்கு மட்டும், 4 அடி அகலத்துக்கு, மடிப்பு விழ 8 அடி துணி எடுத்து, பின்னால் லைனிங் வைத்துத் தைத்தது. நாலு மணி வெயில் இப்போது உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.

ஆனால் தையல்காரர் ஒரு திரையைத் தலைகீழாகத் தைத்துவிட்டார். வெல்வெட்டின் இழைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்குமே, அதனால் ஒரே மெரூன்தான், ஒன்று கருத்தும் ஒன்று வெளிறியும் தெரிகிறது. மேலிருந்து கீழே தடவினால் ஒன்று வழுவழுவென்று போகிறது, மற்றது கையை எதிர்க்கிறது. பிரித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம், இரும்பு வளையம் வேண்டவே வேண்டாம். மூன்றே வாரத்தில் துரு இறங்கித் துணியில் காவிக்கறை. பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டேன்.

அம்மாதான் இன்னும் சமாதானமாகவில்லை: "மண்டபத்துல இருக்கோம்னு வீட்டையே கல்யாண மண்டபமா ஆக்கிட்டியாடா?"